மூன்று விசையில் இடம் மாறிய குடும்பம்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு இரண்டு கணினிகள் வந்து மூன்று வாரம் ஆகிறது. இளையவர்கள் (இங்கே இளையவர்கள் என்றால் ஐம்பத்தாறு வயதுக்காரர்கள்) மவுஸைப் பிடித்து ஒரு பத்தியைக் கறுப்பாக்குகிறார்கள். அதை இழுத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் விடுகிறார்கள், விட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானோ பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். போன புதன்கிழமை மட்டும் ஒரே ஆள் ஒன்பது பத்திகளை இடம் மாற்றினார். ஒரு தடவைகூட முன்னும் பின்னும் படித்துப் பார்க்கவில்லை.

"ஏன் இப்படி முகத்தைச் சுளிக்கிறீங்க? பத்தி என்ன செத்தா போயிடும்?" என்று செயலாளர் கேட்டார்.

பதில் நீளமானது. அதனால் நம் சங்க மலருக்கு எழுதித் தருவதாகச் சொன்னேன்.

நான் கோலாலம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். தட்டச்சராகப் பதினேழு, கோப்புப் பிரிவில் பதின்மூன்று, கணினி வந்தபிறகு நான்கு. முதல் முப்பது ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கார்பன் தாள் வைத்து ஆறு பிரதிகள் அடிப்போம். பிழை வந்தால் ஆறிலும் அழிப்போம், அழித்தது ஆறிலும் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்தால் வேலை சரியாக இருக்கிறது என்பது அந்த முப்பது ஆண்டுகளில் நான் கற்றது. பக்கங்களை எண்ணுவேன், வரிகளை எண்ணுவேன், அலுவலகப் படிகளையும் எண்ணுவேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை விளக்குக் கம்பம் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் பிரிவுக்குக் கணினிகள் வந்தன. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். கூடவே எங்களுக்குப் புது மேலதிகாரியாகப் புவான் (மலாயில் திருமதி) ரொஹானி வந்தார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். அவர் கற்றுக்கொடுத்த விதத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் எவரிடமும் கண்டதில்லை. நம் விசைப்பலகையை அவர் ஒருபோதும் தொடமாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நம் இடது தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். "பெலான்-பெலான், என்சிக் துரை" என்பார், மெதுவாக, திரு. துரை என்று பொருள். பிழை செய்தால், பிழை என்று சொல்லமாட்டார். "இதற்குச் சற்று முன்னால் என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதே நமக்குப் பிழை தெரிந்துவிடும்.

எழுத்தை அடிப்பதும் அழிப்பதும் எனக்கு இரண்டு நாளில் வந்துவிட்டன. அதிசயமாக இருந்தது பத்தியை நகர்த்துவதுதான். தொடக்கத்தில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும், கன்ட்ரோல், கே, பி. முடிவில் ஓர் அடையாளம், கன்ட்ரோல், கே, கே. பிறகு திரையில் மினுக்கும் கோட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் கன்ட்ரோல், கே, வி. மூன்று விசை. பத்தி இங்கே மறைந்து அங்கே தோன்றும். மறைந்த இடத்தில் தழும்புகூட இருக்காது. முதல் நாள் அதை நான் பதினான்கு தடவை செய்து பார்த்தேன், ஒரே கடிதத்தின் ஒரே பத்தியை வைத்து.

புவான் ரொஹானி பார்த்துக்கொண்டு நின்றார். "நகர்த்துவதற்கு முன்னால் அச்செடுங்கள். நகர்த்திய பிறகும் அச்செடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்," என்றார். அலுவலக வேலையில் அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அந்தப் பச்சைத் திரையைப் பார்த்த முதல் வாரத்திலேயே எனக்குக் குடும்ப வரலாற்று ஆசை பிடித்துவிட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். என் தாய்வழிக் கொள்ளுத் தாத்தா வினாசித்தம்பிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் ஆறுமுகம், அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் நான். மற்ற இருவர் செல்லையா என்ற மகனும் தெய்வானை என்ற மகளும். இந்த மூவரின் வழியில் வந்தவர்கள் கோலாலம்பூர், கிள்ளான், அம்பாங், ரவாங் என்று சிதறிக் கிடந்தார்கள். யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. கையால் எழுதினால் ஒரு குழந்தை பிறந்ததும் பக்கம் கெட்டுப்போகும். கணினியில் நடுவே ஒரு வரியைச் சேர்த்தால் மற்ற வரிகள் தாமாகக் கீழே இறங்கி வழிவிடும். இதைவிடக் குடும்பத்துக்குப் பொருத்தமான இயந்திரம் உண்டா?

மதிய இடைவேளையில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். புவான் ரொஹானி உடனே தந்தார். தினமும் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் போக ஐம்பத்தைந்து நிமிடம் கிடைக்கும். ஒன்பது வீடுகளில் இருந்து பதினான்கு ஆவணங்களைக் கடன் வாங்கினேன். திருமண அழைப்பிதழ்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் குடும்பத்தார் அச்சிட்டுக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்கள். எதை யாரிடம் வாங்கினேன், என்று திருப்பிக் கொடுத்தேன் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எந்த ஆவணத்தில் என்ன இருந்தது என்பதை எழுதவில்லை. அதுதான் திரையில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

இரண்டரை ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்தன.

முடிக்கும் தறுவாயில், கிளைகளின் வரிசையை என்னிடம் கேட்டறிந்த ஓர் உறவினர் அம்பாங்கிலிருந்து எழுதினார். தெய்வானையைவிடச் செல்லையா மூத்தவர், நான் தெய்வானையை முன்னால் போட்டிருப்பது தவறு என்று. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தெய்வானையின் பகுதி முழுவதையும், நூற்றுப் பதினெட்டுப் பெயர்களையும், செல்லையாவின் பகுதிக்குக் கீழே நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். இவ்வளவு பெரிய பகுதியை ஒரே தடவையில் நகர்த்த முடியாது என்று கணினி மறுத்தது. ஆகவே இரண்டு துண்டாக நகர்த்தினேன். முதலில் எண்பத்தேழு, பிறகு முப்பத்தொன்று. மொத்தத்தை எண்ணினேன், நானூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன், அதே நானூற்றுப் பன்னிரண்டு. அச்செடுத்து ஒப்பிடவில்லை. அரசாங்கத்தின் தாளை என் சொந்தக் காரியத்துக்கு முப்பத்தெட்டுப் பக்கம் செலவழிக்க மனம் வரவில்லை. கடைசியில் சொந்தத் தாள் வாங்கி வந்து இருபத்தாறு பிரதிகள் அச்சிட்டு வீடுகளுக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் கிள்ளானிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் புவனேஸ்வரி அக்கா. தெய்வானையின் கடைசி மகன் கதிரவேலு, அவருடைய மூத்த மகள்தான் இந்த அக்கா.

"தம்பி துரை, பத்தொன்பதாம் பக்கம் எடும்."

எடுத்தேன்.

"எங்கட அப்பா யாற்ற மகன் எண்டு போட்டிருக்கிறீர்?"

செல்லையாவின் கடைசி மகன் என்று இருந்தது.

"அப்ப நான் உமக்கு மச்சாள். முப்பது வருசமா அக்கா அக்கா எண்டு கூப்பிட்டனீர். நல்ல மரியாதை!" என்றார். சிரிக்கவில்லை. "அது கிடக்கட்டும். சுகந்தியின்ர காரியம் என்ன ஆகிறது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுகந்தி, அக்காவின் தம்பி நடராஜாவின் மகள், கிள்ளானில் பள்ளி ஆசிரியை. பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஜெயபாலன் என்ற பொறியாளரை அவளே விரும்பித் தேர்ந்தெடுத்திருந்தாள். ஜெயபாலன் ஆறுமுகத்தின் மகன் வழியில் வந்தவர். கதிரவேலு தெய்வானையின் மகன் என்றால் அண்ணன் வழியும் தங்கை வழியும் சேர்கின்றன. மச்சான் முறை, கேள்வியே இல்லை. செல்லையாவின் மகன் என்றால் இருவரும் அண்ணன் தம்பி வழி. நம் கணக்கில் ஜெயபாலன் அவளுக்கு அண்ணன். கல்யாணத்துக்கு மண்டபமும் பேசி முடித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். என் பிழையாக இருக்கலாம் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அக்கா கதிரவேலுவின் பள்ளிச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். அதில் தந்தை பெயர் செல்லையா என்றே இருந்தது. கதிரவேலு சிறுவயதில் செல்லையா வீட்டில் வளர்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பெற்றவரா வளர்த்தவரா என்பதைச் சொல்லத்தான் யாரும் உயிரோடு இல்லை. அக்காவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே கதிரவேலு இறந்துவிட்டார். செல்லையாவின் மகள்கள் யாழ்ப்பாணம் திரும்பியவர்கள். அங்கே நடந்த சண்டையில் கடிதம் போய்ச் சேரும் நிலை இல்லை. சான்றிதழ் என் புத்தகத்தோடு ஒத்துப்போனது. நான் தெரிந்தேதான் அப்படிப் போட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இத்தனை நாளும் வாய்ப்பேச்சில மச்சான் முறை எண்டு நம்பிக்கொண்டு இருந்தம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாமே," என்றார் அக்கா.

நடராஜா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

"துரை, நீங்கதானே அடிச்சீங்க? மூணு பட்டன் அமுக்கினா அது இடம் மாறிடும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. மாத்தி ஒரு பக்கம் அடிச்சுக் குடுங்க. அக்கா நம்பிடுவாங்க லா."

"உண்மை தெரியாமல் எப்படி?"

"உண்மையைக் கேட்டா யாரு சொல்லப் போறா? எல்லாம் செத்துப் போயிட்டாங்க. என் பொண்ணு பதினோரு நாளா சாப்பிடல."

செய்ய முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. தட்டச்சில் அடித்த பக்கமானால் அழித்தது தெரியும். இதில் தெரியாது.

பேருந்து நிறுத்தம் வரை சுகந்தி என்னுடன் நடந்து வந்தாள். ஐந்நூற்றுச் சொச்சம் அடி தூரம். முக்கால்வாசி தூரம் வந்ததும் நின்றாள்.

"அப்பா உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு தெரியும் அங்கிள். செஞ்சிடாதீங்க."

"ஏன் அம்மா?"

"செஞ்சீங்கன்னா அப்புறம் அவரைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு உங்க மெஷின்தான் ஞாபகம் வரும். அண்ணன் முறைதான்னா அதைச் சொல்லுங்க. அதுக்கு மேல என்ன செய்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவோம். எனக்குச் சாதகமா மட்டும் எழுதிடாதீங்க."

மறுநாள் மதியம் டிஸ்கெட்டை எடுத்துக்கொண்டு புவான் ரொஹானியிடம் போனேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து என்னைத் திரைக்கு முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கணினி தானாக வைக்கும் பழைய பிரதியைத் திறந்தோம். அதிலும் கதிரவேலு செல்லையாவின் கீழேதான் இருந்தார்.

"நகர்த்திய பிறகு எத்தனை தடவை சேமித்தீர்கள்?"

"இரண்டு."

"அது ஒரு பிரதியைத்தான் வைக்கும். இரண்டாவது தடவை சேமித்தபோதே பழையது போய்விட்டது," என்றார். "சரி. முன்னால் எடுத்த அச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தாளைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எண்ணினேன், புவான். முன்னும் பின்னும் நானூற்றுப் பன்னிரண்டு."

"எத்தனை பேர் என்று உங்கள் புவனேஸ்வரி கேட்கவில்லையே. எங்கே என்றுதானே கேட்டார்?"

முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் என்னை யாரும் இப்படி உட்காரவைத்ததில்லை.

"நகர்த்திய அன்று செய்ததை இப்போது செய்யுங்கள். பெலான்-பெலான்."

தெய்வானையின் பகுதியை முதலில் இருந்த இடத்துக்குத் திருப்பி வைத்து, அன்று செய்ததை மறுபடி செய்தேன். முதல் துண்டு, எண்பத்தேழு பெயர். தொடக்க அடையாளம், முடிவு அடையாளம். செல்லையாவின் பகுதி முடியும் இடத்துக்குப் போனேன். மூன்று விசை. தெய்வானையின் தலைப்பும் அவர் மூத்த பிள்ளைகளும் அங்கே வந்து நின்றார்கள். இரண்டாம் துண்டுக்கு அடையாளம் வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்கினேன். என் விரல் அதே பழக்கத்தில் செல்லையாவின் கடைசி வரிக்குக் கீழே நின்றது. தெய்வானையின் தலைப்புக்கு நேர் மேலே.

"இதற்குச் சற்று முன்னால் என்ன செய்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

எண்பத்தேழு பெயர்களையும் தாண்டி இறங்கியிருக்க வேண்டும். நான் இறங்கவில்லை. மூன்று விசையை அழுத்தியதும் கதிரவேலுவும் அவர் வழியில் வந்த முப்பது பேரும் செல்லையா வீட்டுக்குக் குடிபோனார்கள். பச்சைத் திரையில் அவர்கள் என்றைக்கும் அங்கேயே இருந்தவர்கள் போல இருந்தார்கள். ஒப்புக்கொள்கிறேன், வெட்கத்துக்கு நடுவிலும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

"அப்படியானால் தெரிந்துவிட்டது," என்றேன்.

"இல்லை. உங்கள் விரல் இப்படிச் செய்திருக்கக் கூடும் என்று தெரிந்தது. அவர் யாருடைய மகன் என்று என் கணினிக்குத் தெரியாது. அதை முதலில் எங்கே படித்தீர்கள்?"

நோட்டைப் புரட்டினேன். ஏழாவது பதிவு: தெய்வானை அம்மாளின் கல்வெட்டு, ரவாங் சபாரத்தினம். மருத்துவமனையில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவர், தெய்வானையின் மூத்த மகள் வழிப் பேரன்.

அன்று மாலையே ரவாங்குக்குப் பேருந்து ஏறினேன். சபாரத்தினம் வாசற் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார்.

"மறுபடியுமா? போன தடவை பதினோரு பக்கம் குடுத்தேன்."

"பதினொன்றும் திருப்பித் தந்தேன். எண்ணித்தான் தந்தேன்."

"எண்ணித் தந்தீங்க. எட்டாம் பக்கத்துல காப்பிக் கறை. அதை எண்ணல."

கறை என்னுடையதல்ல. அதை நிரூபிக்கப் பதினைந்து நிமிடம் போனது. கடைசியில் பிஸ்கெட் டின்னைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தை அவர் விரலே காட்டியது. தெய்வானையின் மக்கள் ஐவர். ஐந்தாவது பெயர் கதிரவேலு. அதற்கு அடுத்து, தகப்பன் இறந்தபின் தாய்மாமன் செல்லையாவால் மலாயாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு வளர்க்கப்பட்டவர் என்று இரண்டு வரி. பள்ளியில் மாமன் பெயரைத் தகப்பன் பெயராகக் கொடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். நான் இதைப் படித்திருக்கிறேன். படித்து, சரியாக அடித்து, பிறகு நானே கலைத்திருக்கிறேன்.

"இதை ஞாயிற்றுக்கிழமை வரை கடன் தருவீர்களா?"

"தரமாட்டேன். நானே கொண்டு வரேன்," என்றார் சபாரத்தினம்.

அப்படியே வந்தார். கிள்ளான் பேருந்தில் ஒன்றரை மணி நேரமும் டின் அவர் மடியிலேயே இருந்தது. அக்காவின் வீட்டுக்கு எதிரே ஜெயபாலனின் கார் நின்றது. கல்யாணப் பேச்சு நின்றுபோனதிலிருந்து அந்த வீட்டு வாசலை அவர் மிதிப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். சுகந்தி வரச்சொல்லியிருந்தாள் போலும், இயந்திரத்தை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்வெட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். ஒரு தடவை மனத்துக்குள், ஒரு தடவை சத்தமாக. தாய்மாமன் என்ற சொல்லுக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் இன்னொரு தடவை வாசித்தார். நடராஜா சுவரில் சாய்ந்துகொண்டார்.

நான் திருத்திப் புதிதாக அச்சிட்ட பக்கத்தை நீட்டினேன். கதிரவேலு தெய்வானையின் கீழே இருந்தார். அடியில், முந்தைய பக்கத்தில் அச்சுப் பிழை நேர்ந்துவிட்டது என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தேன். சுகந்தி அதை வாங்கிப் பார்த்தாள்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு அங்கிள். போன தடவையும் இப்படித்தான் சுத்தமா இருந்துச்சு."

உள்ளே போய்ப் பழைய புத்தகத்தையும் ஒரு பேனாவையும் கொண்டு வந்தாள்.

"இதுலேயே அடிச்சு எழுதுங்க. அடிச்சது தெரியட்டும்."

அரசாங்கக் கோப்பில் திருத்தினால் ஒரே ஒரு கோடு போட வேண்டும். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வேண்டும். முப்பத்தொரு வரிகளுக்கும் கோடு போட்டேன். தெய்வானையின் கீழே சேர்க்கவும் என்று எழுதி, கல்வெட்டின் பக்க எண்ணையும் குறித்தேன். அச்சுப் பிழை என்று எழுத ஆரம்பித்தபோது அக்கா தடுத்தார்.

"அச்சுக்குக் கை இருக்கோ, தம்பி?"

என் கைப்பிழை, துரைராஜா, என்று எழுதினேன். மற்ற இருபத்தைந்து பிரதிகளையும் வீடு வீடாகப் போய் இதேபோலத் திருத்தி முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அது பிறகு.

மை காய்வதற்கு முன்பே சுகந்தி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் இறக்கியிருந்த கார்க் கண்ணாடி வழியாக அதை நீட்டினாள். ஜெயபாலன் ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்து, கோடு போட்ட வரிகளையும் சேர்த்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தார்.